காவல் கூலி

பசுவந்தனை பஸ் நிறுத்தத்தில் ஓர் இளைஞன் என் நாவலைக் கைபேசியில் படித்துக்கொண்டிருந்தான். விலைக்கு வாங்கியதல்ல; யாரோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பியது. எழுதியவன் நான்தான் என்று அறியாமல், "நல்லாருக்கு அண்ணாச்சி, படிச்சுப் பாருங்க" என்று சிபாரிசு வேறு செய்தான். பெருமைப்படுவதா, பணம் கேட்பதா என்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன்.

இந்தக் களவை இணைப்புக் கொடுக்கிற கம்பெனிக்காரன் அல்லவா தடுக்க வேண்டும் என்கிறார்கள் படமுதலாளிகளும் பிரசுரகர்த்தர்களும். கரிசல் சீமைக்கு இது புதிய யோசனையல்ல.

பாளையக்காரர் காலத்தில் இங்கே ஊருக்கு ஸ்தலக் காவல், வட்டாரத்துக்கும் பாதைகளுக்கும் தேசக் காவல் என்று இருந்தன. மாடு களவு போனால் காவல்காரன் மீட்டுத் தர வேண்டும். இல்லையேல் கைப்பணத்தில் ஈடுகட்ட வேண்டும். கேட்க எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் தேசக் காவலை வைத்திருந்த பாளையக்காரர்கள் தங்கள் எல்லைக்கு அப்பாலும் காவல் கூலி தண்டினார்கள். கூலி கொடுக்காத ஊரில் களவு நடந்தது என்று கும்பினி அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிப் போர்களை ஒட்டி அந்த உரிமையைக் கும்பினியே பிடுங்கிக்கொண்டது. குடியானவன் மேல் கொண்ட இரக்கத்தால் என்று நான் சொல்ல மாட்டேன்.

நிற்க. 2012-இல் '3' என்ற தமிழ்ப் படத்துக்கும் 'தம்மு' என்ற தெலுங்குப் படத்துக்கும் திருட்டுப் பிரதி பரவாதிருக்கச் சென்னை ஹைகோர்ட்டில் உத்தரவு வாங்கினார்கள். பி.எஸ்.என்.எல். முதலிய கம்பெனிகளும், பெயர் தெரியாத திருடர்களும் பிரதிவாதிகள். கம்பெனிகளுக்குத் தங்கள் தலை தப்பினால் போதும். எது களவு என்று ஆராய அவர்களுக்கு என்ன அக்கறை? மே மாதம் விமியோ போன்ற தளங்கள் அடியோடு மூடப்பட்டன. சொந்தக் குறும்படத்தை அங்கே வைத்திருந்த அப்பாவியும் வெளியே நின்றான். ஒரு மூட்டைப் பருத்தி களவு போனதற்குக் கோவில்பட்டிச் சாலையையே வெட்டிப்போட்ட கதைதான்!

ஜூன் 22-ஆம் தேதி கோர்ட்டு விளக்கம் சொல்லிற்று. திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும் மூடினால் போதும், முழுத் தளத்தையல்ல. முகவரியை வழக்காடுபவர் காட்ட வேண்டும். காட்டிய 48 மணி நேரத்துக்குள் கம்பெனி மூட வேண்டும்.

எனக்கு இது ஒப்புகிறது. களவு கொடுத்தவன்தான் அடையாளம் சொல்ல வேண்டும். பாதைக்காரனைத் துப்பறியச் சொன்னால், போகிற வருகிற மூட்டைகளையெல்லாம் அவிழ்த்துப் பார்க்கவும் அவனை விட்டாக வேண்டும். நான் யாருக்கு என்ன கடிதம் எழுதுகிறேன் என்பதும் அந்த மூட்டைகளில்தானே இருக்கிறது?

அந்த இளைஞனிடம் புத்தக விலையை நானேதான் கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை பசுவந்தனையில் கண்டால் கேட்கலாமென்றிருக்கிறேன்.