ஆர்ப்பாக்கம் கல்வெட்டும் பாண்டியர் அரியணைப் போரும்: போரின் காரணம் குறித்த மறுவாசிப்பு

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் தொடங்கி, ஈழத்தையும் சோழ நாட்டையும் உள்ளிழுத்துக்கொண்ட போரைப் பௌத்தத்துக்கும் சைவத்துக்கும் நடந்த மோதலாகவோ, சிங்களர்க்கும் தமிழர்க்கும் மூண்ட இனப்பகையின் முற்காலத் தோற்றமாகவோ காட்டுவது மேடைப் பேச்சில் இன்றும் உண்டு. ஆய்வுலகம் அதை ஏற்றதில்லை. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்று நூலில் இதை அதிகாரப் போட்டியாகவே விவரித்தார். அந்த முடிவில் இக்கட்டுரைக்கு மாறுபாடில்லை. ஆனால் போரைப் பற்றிய கல்வெட்டுகளை அவர் கையாண்ட முறை, அவற்றில் சமயம் எதற்காகப் பேசப்பட்டது என்ற கேள்வியை எழாமலே செய்துவிட்டது.

சாஸ்திரியாரின் கையில் இருந்த சான்றுகள் இரு வகையின. ஒன்று, ஈழத்துப் பாலி வரலாற்று நூலான சூளவம்சம். அது தளபதி இலங்காபுரனின் வெற்றிகளை விரித்துரைத்துவிட்டு, படையெடுப்பின் இறுதித் தோல்வியைச் சொல்லாமல் கடந்துவிடுகிறது. மற்றொன்று, இரண்டாம் இராசாதிராசன் காலத்து மூன்று சோழக் கல்வெட்டுகள்: 5ஆம் ஆட்சியாண்டின் ஆர்ப்பாக்கம், 8ஆம் ஆண்டின் பல்லவராயன்பேட்டை, 12ஆம் ஆண்டின் திருவாலங்காடு. சாஸ்திரியார் இம்மூன்றையும் ஒரே சாட்சியின் மூன்று வாக்குமூலங்கள்போல இணைத்து, சூளவம்சத்தோடு ஒப்பிட்டு, போரின் நிகழ்ச்சி நிரலை அமைத்தார். ஆர்ப்பாக்கம் கல்வெட்டு அந்த நிரலில் சோழ நாட்டில் பரவிய அச்சத்துக்குச் சான்றாக நின்றுவிட்டது. எந்த நாளில் எந்தப் படை எங்கே இருந்தது என்பதை அறிய இந்த முறை போதும். போரின் காரணத்தை அறிய வேண்டுமானால், மூன்றும் முதலில் கொடை ஆவணங்கள் என்பதும், மூன்றிலும் கொடை பெற்றவர் வெவ்வேறானவர் என்பதும் கணக்கில் வந்தாக வேண்டும். சாஸ்திரியாரின் வாசிப்பில் விடுபட்டது இதுவே.

காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடைப்பட்ட ஆர்ப்பாக்கத்தில் 1899இல் படியெடுக்கப்பட்ட அக்கல்வெட்டு, எதிரிலிசோழச் சம்புவராயன் என்னும் குறுநிலத் தலைவனின் வாய்மொழியாக அமைந்தது. ஈழப்படை பாண்டிய நாட்டுக்குள் புகுந்து குலசேகரனை மதுரையிலிருந்து விரட்டியதும், தொண்டியிலும் பாசியிலும் சோழச் சாமந்தரோடு பொருததும், நாடெங்கும் மக்கள் அஞ்சியதும் முதலில் வருகின்றன. படைத்தலைமையில் தன் மகன் பல்லவராயன் இருக்க, சம்புவராயன் உமாபதி தேவர் எனப்படும் ஞானசிவ தேவரிடம் சென்று, பகைவர் உள்ளே வந்தால் கோயில்களுக்கும் அந்தணர்க்கும் நாட்டுக்கும் கேடு நேரும் என முறையிட்டு, செபமும் வேள்வியும் செய்து காக்குமாறு வேண்டுகிறான். அதற்கு ஞானசிவரின் விடையாகவே இராமேசுவரம் பற்றிய குற்றச்சாட்டு வருகிறது: அப்படையினர் தேவர் கோயிலின் கதவைப் பெயர்த்து, பூசையை நிறுத்தி, பண்டாரத்தை வாரிச்சென்ற பாவிகள் என்கிறார் அவர். 28 நாள் பூசை நடக்கிறது. ஈழத் தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், தோற்ற செய்தி மகனிடமிருந்து வருகிறது. ஆர்ப்பாக்கம் ஊரே ஞானசிவருக்குக் கொடையாகிறது.

இதில் பேச்சின் வரிசை கவனத்துக்குரியது. தலைவனின் முறையீட்டில் இருப்பது எந்தப் படையெடுப்பின்போதும் எழக்கூடிய பொதுவான அச்சம். குறிப்பிட்ட சமயக் குற்றம் குருவின் வாயிலிருந்தே வருகிறது. இராமேசுவரத்தைப் பிடித்ததை விவரிக்கும் சூளவம்சம் அதைப் போர்ச் செயலாக மட்டுமே பேசுகிறது. கொள்ளை நடக்கவில்லை என்பதற்கு அந்த மௌனம் சான்றாகாது. தோல்வியையே மறைத்த நூல் கொள்ளையை மறைக்கத் தயங்கியிருக்காது. ஆயினும் கொள்ளை நடந்திருப்பினும் போர் அதனால் மூளவில்லை என்பது உறுதி. இராமேசுவரம் விழுந்தது போர் தொடங்கிய பிறகு. குற்றச்சாட்டு செய்த வேலை வேறு. மதுரையில் எந்தப் பாண்டியன் அமர்ந்தாலும் இழப்போ ஆதாயமோ இல்லாத தொண்டை மண்டலத்து ஊர் ஒன்றின் வருவாயை ஒருவருக்கு எழுதிவைக்க, அப்போர் அந்த ஊராருக்கும் உரியது என்று காட்டியாக வேண்டியிருந்தது.

இந்த வாதத்துக்கு வலிமை தருபவை மற்ற இரு கல்வெட்டுகளே. பல்லவராயன்பேட்டைக் கொடை இறந்துபோன பல்லவராயர் என்னும் அதிகாரியின் குடும்பத்துக்கானது. அங்கே ஈழத் தளபதியரின் தலைகள் மதுரை வாயிலில் அறையப்பட்டதும் குலசேகரன் மீண்டும் அமர்த்தப்பட்டதும் அரச ஊழியத்தின் கணக்காக எழுதப்பட்டுள்ளன. (இந்தப் பல்லவராயரும் சம்புவராயன் மகனும் ஒருவர்தாமா என்பது தீராத சிக்கல், வேறானவர் எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.) திருவாலங்காட்டில் கொடை பெறுபவர் அண்ணன் பல்லவராயன் எனப்பட்ட பழையனூர் வேதவனமுடையான் அம்மையப்பன். அதற்குள் நிலைமை தலைகீழாகிவிட்டது: குலசேகரன் சோழரின் உதவியை மறந்து ஈழத்தோடு உறவாடியதால் நீக்கப்படுகிறான், ஈழத்தின் ஆளாக முன்பு மதுரையில் அமர்ந்த வீரபாண்டியனே சோழரால் முடிசூட்டப்படுகிறான், ஈழ அரச குடும்பத்துச் சீவல்லவன் சோழர் துணையோடு தாயகத்தின் மீதே படைகொண்டு போய் ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களைத் தாக்குகிறான். இனமோ சமயமோ பகையின் வேராக இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் ஆட்கள் இடம் மாறியிருக்க இயலாது. ஐந்தாம் ஆண்டில் சிவத்துரோகமாக இருந்த குற்றம் பன்னிரண்டாம் ஆண்டில் நன்றிகேடாகிவிட்டது.

ஈழப் பக்கத்திலும் இதே நிலைதான். தன்னிடம் உதவி கேட்ட பராக்கிரம பாண்டியன் கொல்லப்பட்ட செய்தி தெரிந்த பின்பும் படையை மேலே செலுத்திய ஈழ மன்னன் பராக்கிரமபாகு, வெற்றியின் நினைவாக ஓர் ஊரை அமைத்து அந்தணர் பயன்பாட்டுக்கு வைத்ததாகச் சூளவம்சமே கூறுகிறது. அதே மன்னன் பௌத்த நாடான பர்மா மீது கடற்படை அனுப்பியதை அவனது 12ஆம் ஆண்டுத் தேவனகலைக் கல்வெட்டு காட்டுகிறது. பொலனறுவையில் புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலுக்குக் காவல் பொறுப்பேற்ற வேளைக்காரப் படையினர் அதைக் கல்லில் வெட்டியது தமிழில்.

காலக்கணிப்பில் ஒரு தடை நீடிக்கிறது. இராசாதிராசனின் ஆட்சித் தொடக்கத்தை 1163 எனக் கொள்வோரும் 1166 எனக் கொள்வோரும் உளர். அதற்கேற்ப ஆர்ப்பாக்கக் கொடை 1167–68ஐ ஒட்டியதாகவோ 1170–71ஐ ஒட்டியதாகவோ அமையும். ஒரே மன்னனின் ஆட்சியாண்டுகள் ஆதலால் மூன்று கல்வெட்டுகளின் முன்பின் வரிசை இதனால் குலையாது; தேவனகலைக் கல்வெட்டின் ஆண்டான 1165க்கும் பாண்டிய நாட்டுப் படையெடுப்புக்கும் உள்ள இடைவெளி மட்டும் நீளும் அல்லது சுருங்கும்.

வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், சேத்தூர், சிவகிரி என மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே இறங்கும் நிலப்பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் நடந்த பாளையப் போர்களுக்கும், போரின் காரணம் வேறு, அதில் சமயம் பேசப்பட்ட நோக்கம் வேறு என்னும் இவ்வேறுபாடு பொருந்துகிறது. மேற்கே மறவர் பாளையங்கள், கிழக்கே தெலுங்கு நாயக்கர் பாளையங்கள் என்று சாதி எல்லையில் அணிகளைப் பிரிப்பது வழக்கம். 1756இல் எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூசுகானோடு சேர்ந்து நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரை எதிர்த்தது அப்பிரிவுக்கு ஒத்துவருகிறது. சில ஆண்டுகளில் அதே மாபூசுகான் தம்பி முகமது அலியோடு பிணங்கிப் பூலித்தேவரிடமே அடைக்கலமானதும், முன்பு மேற்குப் பாளையங்களுக்குத் துணைநின்ற திருவிதாங்கூர், கிழக்கிந்தியக் கும்பினியின் படைத்தலைவன் யூசுப்கான் பக்கம் சாய்ந்ததும் ஒத்துவரவில்லை. தகராறு வரிக்கும் மேலாண்மைக்குமானது. ஆனால் 1755இல் கும்பினியின் கர்னல் ஹெரானின் படை மதுரைக்கு அருகே கோவில்குடியில் தெய்வப் படிமங்களைக் கவர்ந்துகொண்டு திரும்புகையில், நத்தம் கணவாயில் கள்ளர்கள் அதைத் தாக்கிப் படிமங்களை மீட்ட செய்தியைக் கும்பினி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்மே பதிவுசெய்கிறார். பூலித்தேவருக்கும் நவாபுக்கும் இடையிலான வழக்கு அந்தக் கள்ளர்களுடையது அன்று. வரிக்காகப் புறப்பட்ட படையை அவர்கள் மறித்து மீட்டது தெய்வங்களை. ஓர்மே சொல்லும் கோயிலைத் திருமோகூர்ப் பெருமாள் கோயிலாக அடையாளம் காண்பது பரவலான கருத்து; பெயர் வேறுபாட்டை விளக்காதவரை அதை உறுதியெனக் கொள்வதற்கில்லை.