ஊரகத்து நின்றார் கோயிலும் நாற்சேரி நெசவாளரும்

காஞ்சி மாநகரின் பெருமையைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் கோபுரங்களையே முதலிற் சுட்டுவர். கிருஷ்ணதேவராயர் 1509-ஆம் ஆண்டில் எழுப்பிய ஏகாம்பரநாதர் தென்கோபுரமும், இராசசிம்மன் கண்ட கயிலாசநாதர் கற்றளியும் அங்ஙனம் போற்றத்தக்கனவே. ஆயினும் இக்குடமுழுக்கு மலரைக் கையிலேந்தும் அன்பர்கள் ஒருகணம் கோபுரத்தினின்றும் கண்ணைத் தாழ்த்தி, அதன் அடியிற் கிடக்கும் தெருவையும் காண வேண்டுமென்பது எமது விருப்பம். கோயிலைக் கட்டினோர் மன்னர். அதனைச் சூழ்ந்த ஊரைக் காத்தோர் யாவர்?

பெரிய காஞ்சி, சின்னக் காஞ்சி, வேகவதிக்கு அப்பால் சமணர் போற்றும் திருப்பருத்திக்குன்றம் எனப் பல கூறாய் விரிந்தது இந்நகரம். காமாட்சியம்மை திருக்கோயிலைச் சூழ இராச வீதிகள் நான்கும் அமைந்தன. தேரோடும் வீதி அகன்றும் நேராகவும் இருத்தல் வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. நெசவுக்கும் நேரான தெரு இன்றியமையாதது என்பதைப் பலர் அறியார். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் பட்டுப் பாவைத் தெருநெடுக நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, குடும்பத்தார் அனைவரும் இருபுறமும் நின்று சீராக்குவர். தெரு கோணினால் பாவு கோணும். பாவு கோணினால் சேலை கெடும். வீட்டின் முற்கூடம் தறிக்குழிக்கு ஏற்ற நீளமுடையது. ஆதலின் காஞ்சியில் தெருவும் தொழிற்கூடமே. தேர் வரும் நாளில் அது கோயிலின் பகுதியாகும். ஏனை நாட்களில் தறியின் பகுதியாகும்.

இவ்விரண்டும் ஓரிடத்தே பொருந்தியமைக்கு அரிய சான்று ஒன்று உண்டு. உத்தம சோழனின் பதினாறாம் ஆட்சியாண்டில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், எழுதப்பட்ட செப்பேடுகள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை பேசுவது கச்சிப்பேட்டில் ஊரகத்து நின்றருளிய பெருமானைப் பற்றி. இன்று உலகளந்த பெருமாள் என நாம் வழிபடும் எம்பெருமான் அவரே. நகரத்தில் நிறுத்தும் பொருளுக்கும் அளக்கும் பொருளுக்கும் கொள்ளப்பெற்ற கோல்நிறைக் கூலியும் கால் அளவுக் கூலியும் அக்கோயிலுக்கு உரியனவாயின. கோயிற்பொன் பெட்டியில் உறங்கவில்லை. கூரம் முதலிய சிற்றூர்களாரிடமும் நகரத்துச் சேரியாரிடமும் அது முதலாக வைக்கப்பட்டது. அதன் பொலிசையால் நித்திய பூசையும் சித்திரைத் திருவிழாவும் நடந்தன.

அக்கோயிலின் காரியத்தை நடத்தும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டது? கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்னும் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியரிடம், அதாவது நெசவாளரிடம்! முன்னை மன்னர் அவர்களை நகரத்திற் குடியேற்றினர் என்பதையும் ஏடு குறிக்கின்றது. சோழநியமத்திற் குடியிருந்தாரிடம் கோயிலுக்கெனக் குறித்த சிறிதளவு எண்ணெயும் அரிசியுமன்றி வேறு இறை கொள்ளலாகாது எனவும் விதித்தது. ஏழைக் குடிகள் இடம்விட்டு ஓடாமல் நிலைத்திருத்தற்கு இதனினும் நல்ல உபாயம் யாம் அறியோம். இவை எல்லாவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்ந்த விதி ஒன்றுண்டு. திருவிழா முடிந்த உடனே, நகரத்தின் ஆண்டு வாரியரும் ஏற்றுவழிச்சேரியாரும் கஞ்சகப்பாடியாரும் கூடியிருந்து கோயிற் கணக்கைத் தணிக்கை செய்தல் வேண்டும் என்பதே அது. அக்காலத்துத் தறிக்காரர் கையில் நாடாவும் இருந்தது, கணக்கோலையும் இருந்தது.

இது தனித்த நிகழ்ச்சியன்று. பரமேச்சுர விண்ணகரமாகிய வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில், பட்டத்திற்கு உரியோர் இன்றி நாடு தவித்தபோது அமைச்சரும் கடிகையாரும் குடிமக்களும் இரணியவர்மனிடம் சென்று அரசனை வேண்டியதும், அவர்தம் இளைய மகன் பல்லவமல்லன் துணிந்து முன்வந்ததும் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. காஞ்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அங்கே ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம். சொந்த மனையும் இறை செலுத்தும் நிலமும் உடைய ஆடவர்க்கே அப்பேறு வாய்த்தது என்பதையும் மறைத்தல் தகாது. கச்சிப்பேட்டு நெசவாளர் பெற்ற உரிமை அதனினும் ஒருபடி மேலானது என்பதே எமது கருத்து.

பல நூற்றாண்டுகள் கழிந்து, கடல் கடந்து வந்த அறிஞர் ஒருவர் இந்நகரமைப்பின் அருமையை உணர்ந்தார். ஸ்காட்லாந்து நாட்டவராகிய பாட்ரிக் கெடிஸ் என்பார், சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914-இல் இந்தியா வந்தார். அவர் அனுப்பிய நகரமைப்புப் படங்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் கடலில் மூழ்கடித்தது. சென்னையில் குண்டு போட்டு, நம்மவர் பேச்சில் நிலைத்த பெயரையும் விட்டுச்சென்ற அதே எம்டன்தான்! மனந்தளராத கெடிஸ் வேறு படங்களைச் சேர்த்து 1915-இல் சென்னையிற் கண்காட்சி நடத்தினார். பின்பு இம்மாகாணத்து ஊர்களை நடந்தே ஆராய்ந்தார். காஞ்சியைக் கண்டு அவர் மகிழ்ந்தது கோயில்களின் பெருக்கத்திற்காக மட்டுமன்று. பெருங்கோயிலும் சிறுகோயிலும் வீதியும் தோட்டமும் மனையும் ஒன்றோடொன்று இசைந்து நிற்கும் பாங்கிற்காகவே. சி. பி. வேங்கடராம ஐயர் பண்டைத் தக்கணத்து நகரமைப்பைப் பற்றி 1916-இல் வெளியிட்ட நூலுக்கு அவரே முன்னுரையும் வழங்கினார்.

நோயை அறியுமுன் மருந்து கொடாதே என்பது அவர் கொள்கை. தெருவை அகலமாக்க நூறு வீடுகளை இடிப்பதை அவர் வெறுத்தார். இடிந்த ஒன்றிரண்டை அகற்றி, காற்றும் ஒளியும் புகவிட்டு, மற்றவற்றைக் காப்பதே முறை என்றார். இந்தூரில் அவர் செய்த காரியம் நம் அடியார்களுக்கு மிகவும் இனிக்கும். கொள்ளைநோய் பரவியிருந்த அந்நகரில் தீபாவளித் திருநாளன்று அவரை ஒருநாள் அரசராக்கினர். ஊர்வலம் வழக்கமான வீதிகளில் வாராது, வீடுகளைச் செம்மை செய்து தூய்மையாக வைத்திருக்கும் வீதிகளிலேயே வரும் என அவர் பறைசாற்றினார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். பிறகென்ன? வண்டி வண்டியாகக் குப்பை ஊரை விட்டு நீங்கியது. நம் ஊரிலோ சுவாமி புறப்பாடு என்றால் நீர் தெளித்துக் கோலமிடாத வாசல் உண்டோ? கெடிஸ் ஒருநாளைக்குச் செய்ததைப் புறப்பாடு நமக்கு ஆண்டு முழுதும் செய்கின்றது.

விடுதலைக்குப் பின் 1971-இல் தமிழ்நாட்டு நகர், ஊரமைப்புச் சட்டம் வந்தது. நிலம் எதற்குரியது என்பதை வரைபடத்தில் வண்ணந்தீட்டிக் காட்டும் வழக்கம் இங்கும் வேரூன்றியது. குடியிருப்புக்கு ஒரு நிறம், தொழிலுக்கு மற்றொன்று. கீழே தறியும் மேலே உறக்கமுமாய் வாழும் பிள்ளையார்பாளையத்து வீட்டிற்கு எந்நிறம் தீட்டுவது? 1992-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களுக்கே வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. காஞ்சி அவ்வெல்லைக்குள் வரவில்லை. 2015-இல் மத்திய அரசு மரபு நகரங்களைப் பேணத் தொடங்கிய ஹிருதய் திட்டத்தில் பன்னிரண்டு நகரங்களுள் ஒன்றாகக் காஞ்சியும் இடம்பெற்றது. 2019-இல் அத்திட்டம் முடிவுற்றது. 2021-இல் நகராட்சி மாநகராட்சியாயிற்று. வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022-இல் தமிழக அரசு விதிகளை வகுத்தது.

அச்சபையில் அமர்வோர் முன் வைக்கத்தக்க வழக்கு ஒன்றிருக்கின்றது. வண்டிப் பெருக்கத்தால் தெருவிற் பாவு நீட்ட இடமில்லை என நெசவாளர் முறையிடுகின்றனர். யாத்திரிகர் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பது கோயிலார் கவலை. நன்கொடை வழங்கும் அன்பர்களும் தம் வண்டியிலேதான் வருகின்றனர். விடியலில் இரண்டு நாழிகை நேரம் சில தெருக்களைப் பாவுக்கென ஒதுக்கி, வண்டிகளைச் சற்று அப்பால் நிறுத்துவது செய்தற்கரிய செயலன்று. எத்தெரு, எந்நேரம் என்று சொல்ல வல்லவர் அத்தெருவில் இருப்பவரே. சித்திரைத் திருவிழா முடிந்ததும் கணக்குப் பார்க்க ஏற்றுவழிச்சேரியாரை அழைத்தது போல, அவர்களையும் அழைத்து வினவலாம்.