வலது கன்னம்

என் தாய்மாமா லாரி டிரைவர். ஓசூரில் லோடு ஏற்றிக் கிருஷ்ணகிரி வரை வருவார். அங்கே ரோடு பிரியும். லோடைப் பொறுத்து சேலம் பக்கமோ சென்னைப் பக்கமோ போவார். முப்பது வருஷமாக இதுதான் வாழ்க்கை. சில வருஷங்களுக்கு முன்னால் அவருடைய கண்கள் தாமாக மூடிக்கொள்ள ஆரம்பித்தன. தூக்கக் கலக்கம் இல்லை. இமைகள் இறுகிக்கொள்ளும், விரலால் பிரித்துவிட வேண்டியிருக்கும். எதிர்வெயில் அடித்தால் இன்னும் மோசம். “அத்திப்பள்ளி தாண்டறப்ப ரெண்டு செகண்டு ரோடே தெரியலக்கா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்தார். மூன்று மாதம் லாரி நின்றது.

பெங்களூரில் ஒரு டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார்: பிளெஃபரோஸ்பாசம். இமையை மூடும் தசைக்கு ஓயாமல் கட்டளை போய்க்கொண்டிருக்கிறது. சீட்டில் எழுதியிருந்த மருந்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டுலினம் டாக்சின். அதாவது போடாக்ஸ்.

ஊசி போட்டு ஒரு வாரத்தில் இமைகள் விட்டன. மாமா வண்டியை எடுத்தார். கண்ணோரத்துச் சுருக்கங்களும் கூடவே காணாமல் போயிருந்தன. “புது மாப்ள மாதிரி ஆயிட்டாரு” என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார். நான் அன்றிரவு இந்த மருந்தின் கதையைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

கதை ஜெர்மனியில், கெட்டுப்போன தொத்திறைச்சியில் தொடங்குகிறது. யூஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர், கவிஞரும்கூட, அதைச் சாப்பிட்டுக் கைகால் விழுந்து செத்தவர்களைப் பற்றி 1820-லும் 1822-லும் எழுதினார். அந்த விஷத்தைத் தானே கொஞ்சம் உட்கொண்டும் பார்த்தார். அளவாகக் கொடுத்தால் அடங்காத நரம்புகளை அடக்க உதவலாம் என்று அப்போதே ஊகித்தார். லத்தீனில் ‘போட்டுலஸ்’ என்றால் தொத்திறைச்சி. 1895-இல் பெல்ஜியத்தின் எலசெல் கிராமத்தில், ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்காரர்கள் பன்றித் தொடைக்கறி சாப்பிட்டு விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அந்தக் கறியிலிருந்துதான் வான் எர்மெங்கெம் கிருமியைப் பிரித்தெடுத்தார்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் இதை ஆயுதமாக்கப் பார்த்தது. அங்கே வேலை பார்த்த எட்வர்ட் ஷான்ட்ஸ் சுத்தப்படுத்திய நஞ்சு, பிற்பாடு சான் ஃபிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் கைக்கு வந்தது. அவருக்கு மாறுகண்ணைக் கத்தியில்லாமல் சரிசெய்ய வேண்டும். குரங்குகளில் செய்து பார்த்து 1973-இல் வெளியிட்டார். சில வருஷம் கழித்து மனிதர்களுக்குப் போட்டார். 1989-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும்தான். மாமாவின் நோய்க்குத்தான் முதல் அனுமதி. அழகு அப்புறம்தான் வந்தது.

அந்த ‘அப்புறம்’ வான்கூவரில் நடந்தது. 1987-இல் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸிடம் இமை இழுப்புக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், நெற்றியில் ஏன் போடவில்லை என்று கேட்டாராம். அங்கே போட்டால் தன் முகம் கவலையில்லாமல் தெரிகிறது என்றாராம். ஜீனின் கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இருவரும் 1992-இல் கட்டுரை வெளியிட்டார்கள். 2002-இல் புருவங்களுக்கிடையே விழும் கோடுகளுக்கு அனுமதி கிடைத்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நரம்பு தசையிடம் ‘சுருங்கு’ என்று சொல்லும் வேதிச்செய்தியை இந்த ஊசி தடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. முகம் சுளிக்கும்போது, சிரிக்கும்போது விழும் கோடுகளுக்கு அது சரி. சில நாளில் வேலை காட்டும், மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். தோலை அது மாற்றுவதில்லை. இன்னொரு ஊசியான ஃபில்லர், பள்ளத்தை ஹயலூரானிக் அமிலம் போன்ற பொருளால் நிரப்புகிறது. பலன் உடனே தெரியும், மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் அது தப்பித்தவறி ரத்தக்குழாயில் புகுந்தால் தோல் செத்துப்போகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். மலிவாகக் கிடைக்கிறது என்று பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை அது.

மாமாவின் கண்ணோரம் தெளிந்த பிறகுதான் மற்றொன்று எனக்குத் தென்பட்டது. அவருடைய வலது கன்னம் இடதைவிடப் பத்து வயது மூத்தது. தடித்து, வரிவரியாக, வறண்ட ஏரித் தரை மாதிரி இருந்தது. 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர், முகத்தில் இடது பாதி மட்டும் கிழடு தட்டியிருந்தது. அமெரிக்காவில் டிரைவர் சீட் இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். வெயிலின் யுவிஏ கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வந்து தோலின் ஆழத்திலுள்ள நார்களைக் கெடுக்கிறது. அந்தச் சுருக்கம் தசை சும்மா இருந்தாலும் அப்படியேதான் இருக்கும். போடாக்ஸ் அங்கே செல்லாது.

அதற்கு ஓரளவு பதில் சொல்வது கிரீம்தான். ட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ குடும்பம். 1971-இல் அமெரிக்காவில் பருவுக்கு அனுமதியான மருந்து. நடுவயதுப் பெண்கள் பருவுக்குப் பூசிவிட்டுச் சுருக்கமும் குறைகிறது என்று சொன்னதை பிலடெல்பியாவின் ஆல்பர்ட் கிளிக்மன் கவனித்தார். 1988-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு அதை உறுதி செய்தது. 1995-இல் வெயில் கெடுத்த தோலுக்கு அனுமதி கிடைத்தது. பலன் தெரிய மாதங்கள் ஆகும். முதலில் தோல் சிவக்கும், உரியும். கர்ப்பிணிகள் பூசக்கூடாது. நம் மெடிக்கல் ஷாப்களில் முகம் வெளுக்க என்று வாங்கிப் பூசுகிற ஸ்டீராய்டு கலந்த கிரீம் வேறு ஜாதி, அது தோலை மெலிய வைக்கும்.

இதே கிளிக்மன்தான் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் பரிசோதனைகள் நடத்தினார். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சில டாலருக்கு முதுகைக் கொடுத்தவர்கள், அதில் என்ன பூசுகிறார்கள் என்று முழுதாகத் தெரியாதவர்கள். ட்ரெட்டினாயின் ஆய்வும் அங்கே நடந்தது. 2022-இல்தான் அந்த நகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. இதைப் படித்த பிறகு என் குளியலறை அலமாரியில் இருக்கும் சின்னக் குழாயை அலட்சியமாக எடுக்க முடிவதில்லை.

ஆம், என்னிடமும் ஒன்று இருக்கிறது. வயது முப்பத்தாறு. வீடியோ மீட்டிங்கில் தினமும் என் நெற்றிக் கோட்டை நானே பார்க்கிறேன். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். அங்கே யூனிட் கணக்கில் விலை சொன்னார்கள். அந்த மருந்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்க மாமா யார் யாரிடம் கைமாற்று கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். போட்டுக்கொள்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அன்றைக்குக் கை நீட்ட வரவில்லை. கிரீமோடு திரும்பிவிட்டேன்.

ஊசியா கிரீமா என்று நண்பர்கள் கேட்டால், முதலில் சன்ஸ்கிரீன் என்கிறேன். ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் நாலரை வருஷம் தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, இஷ்டத்துக்குப் பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவு என்று 2013-இல் முடிவு வந்தது.

போன தீபாவளிக்கு மாமாவுக்கு ரெண்டு டியூப் வாங்கிக் கொடுத்தேன். “மூஞ்சியப் பாத்தா லோடு குடுக்கறாங்க?” என்று சிரித்துவிட்டு, டேஷ்போர்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பொங்கலுக்கு வந்தபோது ஒன்று காலியாகியிருந்தது. பூசறீங்களா மாமா என்றேன்.

“நான் எங்கடா. கிளீனர் பையன் போட்டுக்கறான். வேணாம்னு சொல்லல.”

வண்டிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். பத்தொன்பது வயசு இருக்கும். இடது ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான்.