கடன் குற்றமா, கடமையா?

சொற்கள் சில வேளைகளில் அவற்றை வழங்கும் மக்களின் உள்ளத்தைத் திறந்து காட்டிவிடும். தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்கு, வாங்கிய பொருளைத் திருப்பித் தரும் பொறுப்பு என்பதோடு 'கடமை' என்ற பொருளும் உண்டு. அரபியில் கடனைக் குறிக்கும் 'தைன்' என்பதும், மார்க்கத்தைக் குறிக்கும் 'தீன்' என்பதும் ஒரே வேரினின்று கிளைத்தவை. ஜெர்மானியரின் மொழியிலோ 'ஷுல்ட்' என்னும் ஒரே சொல் கடனையும் குற்றத்தையும் சேர்த்தே குறிக்கிறது. 2010 முதல் எட்டாண்டுக் காலம் ஐரோப்பாவை உலுக்கிய கிரேக்க நாட்டுக் கடன் விவாதத்தின் சாரம் இச்சொற்களுக்குள் அடங்கியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. கடன் பட்டவனின் குற்றமா? அன்றி, கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் பொதுவான கடமையா?

நம் ஃபிக்ஹு நூல்களில் ஜகாத்தின் அளவைக் கூறும் 'திர்ஹம்' என்ற சொல், கிரேக்கரின் 'திராக்மா'விலிருந்து பிறந்ததாகும். அத்தகைய தொன்மையான பெயருடைய நாணயத்தைக் கிரேக்கர் கைவிட்டு, 2001ஆம் ஆண்டில் ஐரோப்பியரின் பொது நாணயமாகிய யூரோவில் இணைந்தனர். 340.75 திராக்மா ஒரு யூரோ எனக் கணக்கிடப்பட்டது.

இந்த இணைப்பினால் வந்த நன்மையும் தீமையும் ஒன்றாகவே வந்தன. தனி நாணயம் உடைய நாடு கடனில் மூழ்கினால், தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளும். அதனால் அந்நாட்டுப் பொருள்கள் வெளியே மலிவாகும், ஏற்றுமதி பெருகும், இறக்குமதி குறையும். பொது நாணயத்தில் இணைந்த நாட்டுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. எஞ்சியிருப்பது கூலியையும் ஓய்வூதியத்தையும் குறைக்கும் வழி ஒன்றே. ஆனால் தொடக்கத்தில் பலர் இதை எண்ணிப் பார்க்கவில்லை. ஜெர்மனிக்குக் கொடுப்பதைப் போன்றே குறைந்த வட்டிக்குப் பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகள் கிரேக்கத்துக்கும் வாரி வழங்கின. ஆட்சியாளர்களும் தயங்காமல் வாங்கினர்.

வாங்கியதை மறைக்கவும் செய்தனர். 2001இல் அமெரிக்க முதலீட்டு வங்கி ஒன்றின் துணையோடு செய்துகொண்ட நாணயமாற்று ஒப்பந்தம், கடனின் ஒரு பகுதியைக் கணக்கில் காட்டாமல் வைத்தது. 2009 அக்டோபரில் பதவியேற்ற ஜார்ஜ் பாப்பாண்ட்ரு அரசு, அவ்வாண்டின் பற்றாக்குறை முன்னர் சொல்லப்பட்டதைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்று வெளிப்படுத்தியது. பின்னர் செய்த திருத்தத்தில் அது நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேலாயிற்று. திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியதாக இருப்பதன் நுட்பம் இங்கே விளங்கும். எழுதப்படாத கடன், நம்பிக்கையை முதலில் கொல்கிறது.

கிரேக்கருக்குக் கடன் நெருக்கடி புதிதன்று. உதுமானியப் பேரரசிலிருந்து விடுதலை பெறப் போரிட்ட காலத்திலேயே, 1824இலும் 1825இலும் இலண்டனில் கடன் பெற்றுத் திருப்பித் தர இயலாமல் தவித்தனர். 1893இல் மீண்டும் நொடித்தனர். 1897இல் உதுமானியருடன் போரிட்டுத் தோற்று, இழப்பீடு செலுத்தப் புதிய கடன் வாங்க நேர்ந்தபோது, பிரிட்டன் முதலான ஆறு வல்லரசுகள் சர்வதேச நிதிக்குழு ஒன்றை ஏதன்ஸில் அமர்த்தின. உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி, சீட்டுக்கட்டு ஆகியவற்றின் வருவாயும் பிரேயஸ் துறைமுகத்தின் சுங்கமும் அக்குழுவின் கைக்குப் போயின.

வெற்றி பெற்ற உதுமானியரின் நிலையோ மேலானதன்று. ஹிஜ்ரி 1299 முஹர்ரம் மாதத்தில், அதாவது 1881 டிசம்பரில் வெளியான ஆணையின்படி, அவர்களுடைய உப்பு வரியையும் புகையிலை வரியையும் ஐரோப்பியக் கடன்காரர்களின் மன்றமே தண்டிக்கொண்டிருந்தது. 1876இல் கடன் நிர்வாகக் குழுவை ஏற்ற மிஸ்ர் நாட்டை, 1882இல் ஆங்கிலப் படை கைப்பற்றிக்கொண்டது. கடன்காரனின் கணக்குப்பிள்ளை முன்னே வர, படைவீரன் பின்னே வந்த காலம் அது.

இந்த நினைவுகளோடுதான் 2010 மே மாதத்தில், 110 பில்லியன் யூரோ கடனுதவியைக் கிரேக்கர் எதிர்கொண்டனர். ஐரோப்பிய ஆணையமும் ஐரோப்பிய மத்திய வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் கூட்டாக நிபந்தனைகள் விதித்தன. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பழைய கடன்களை அடைக்கவே சென்றது. கூலியும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன, வரிகள் ஏறின. சில ஆண்டுகளில் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கிற்று. 2013இல் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோருமாகிய உழைப்பாளருள் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு வேலையில்லை. சிக்கன நடவடிக்கையால் விளையும் சேதத்தைத் தாங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகச் சர்வதேச நாணய நிதியத்தின் பொருளியலாளர்களே 2013இல் ஒப்புக்கொண்டனர்.

விவாதம் நாளேடுகளிலும் வீதிகளிலும் கொழுந்துவிட்டது. வரி செலுத்தாமல் ஏய்த்தவர்களுக்கும் இளவயதில் ஓய்வு பெற்றவர்களுக்கும் எங்கள் உழைப்பின் பயனை ஏன் தரவேண்டும் என்று ஜெர்மானியர் கேட்டனர். அதில் நியாயம் இல்லாமலில்லை. இரண்டாம் உலகப்போரில் எங்கள் நாட்டை ஆக்கிரமித்துப் பட்டினி போட்டு, எங்கள் மத்திய வங்கியிடம் வலிந்து பறித்த கடன் எங்கே என்று கிரேக்கர் கேட்டனர். அதிலும் நியாயம் உண்டு.

மற்றோர் உண்மையும் அப்போது நினைவூட்டப்பட்டது. 1953 பிப்ரவரியில் இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை, மேற்கு ஜெர்மனியின் பழைய கடன்களில் ஏறத்தாழ பாதியைத் தள்ளுபடி செய்து, எஞ்சியதற்கு நீண்ட தவணை அளித்தது. அதில் ஒப்பமிட்ட நாடுகளுள் கிரேக்கமும் ஒன்று. இலங்கையும் பாகிஸ்தானும் கூட ஒப்பமிட்டிருந்தன. அந்தத் தள்ளுபடியின் நிழலில்தான் ஜெர்மானியரின் செல்வம் மீண்டும் தழைத்தது.

2015 ஜனவரியில் அலெக்சிஸ் சிப்ராஸ் ஆட்சிக்கு வந்தார். ஜூன் இறுதியில் வங்கிகள் மூடப்பட்டன; ஒருவர் ஒரு நாளைக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியவில்லை. ஜூலை 5ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபத்தொரு பேர் கடன்காரர்களின் நிபந்தனைகளை மறுத்தனர். ஆயினும் எட்டே நாளில், பிரஸ்ஸல்ஸில் இரவு முழுவதும் நடந்த பேச்சுக்குப் பின், அவற்றினும் கடுமையானவற்றை அதே அரசு ஏற்றது. மக்கள் வாக்களித்தது தங்கள் நாட்டில். நாணயம் இருந்தது பத்தொன்பது நாடுகளின் கையில். ஒரு நாட்டின் வாக்கு, மற்ற பதினெட்டு நாட்டு வாக்காளரைக் கட்டுப்படுத்தாதல்லவா? பொது நாணயம் இருக்க, பொதுப் பொறுப்பு இல்லாமையே இந்நோயின் வேர்.

முடிவு எவ்வாறு அமைந்தது என்பதே நாம் கருத்தில் இருத்தவேண்டியது. 2018 ஜூனில் கடன்காரர் நாடுகள், கிரேக்கத்துக்குக் கொடுத்த கடனின் ஒரு பெரும்பகுதிக்குரிய தவணையை மேலும் பத்தாண்டுகள் நீட்டித்தன. ஆகஸ்ட் 20ஆம் நாளோடு உதவித்திட்டம் முடிவுற்றது. சர்வதேச நாணய நிதியத்தின் கடனைக் கிரேக்கம் 2022இல் குறித்த காலத்துக்கு முன்பே தீர்த்தது. மூச்சுவிட இடம் கிடைத்தவன் கொடுக்கவே செய்தான்.

கடனைச் சிறிதாக எண்ணுவது இஸ்லாமியப் பண்பன்று. கடனோடு இறந்தவருக்கு, அதை ஏற்பார் ஒருவர் முன்வரும்வரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தத் தயங்கினார்கள். அதே மார்க்கம், இடுக்கணில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கவும், இயன்றால் விட்டுக்கொடுக்கவும் அல்பகரா அத்தியாயத்தில் கற்பிக்கிறது. வாங்கியவன் மறைக்கலாகாது; கொடுத்தவன் நெரிக்கலாகாது. இவ்விரண்டும் சேர்ந்ததே கடன்.

ஐரோப்பா இறுதியில் வந்து சேர்ந்த இடமும் தவணைதான். ஆனால் எட்டாண்டுகள் சுற்றி வந்து, ஒரு தலைமுறை இளைஞரின் வாழ்வை விலையாகக் கொடுத்த பிறகே அங்கு வந்து சேர்ந்தது. நம் குடும்பங்களிலும் ஊர்களிலும் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள், அந்த விலையைக் கொடுக்காமலே இப்பாடத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.