கிண்டி – தரமணி ஆய்வு வட்டாரம்

சென்னையின் தென்புறத்தில், கிண்டியில் தொடங்கி அடையாற்றைத் தொட்டுத் தரமணி வரை பரவிய பகுதியில்தான் தமிழகத்தின் ஆய்வு நிறுவனங்கள் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி எல்லாமே சர்தார் பட்டேல் சாலையை ஒட்டியவை. அறிவியல் நகரம் ஒன்றைக் கட்டுவோம் என்று யாரும் வரைபடம் போட்டுத் தொடங்கவில்லை. ஊருக்கு வெளியே இடம் இருந்தது; ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

முதலில் வந்தது நில அளவை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலத்தை அளக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். கம்பெனியின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் முயற்சியில் 1794இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஓர் அளவைப் பள்ளி திறக்கப்பட்டது. 1802இல் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவையின் தொடக்கம் அது. அளவைப் பள்ளி 1859இல் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன்பே, 1899இல், பெரியம்மைத் தடுப்பு மருந்துக்காக கிங் நிலையம் அங்கே வந்துவிட்டது.

விடுதலைக்குப் பிந்தைய கதை தோலில் தொடங்குகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது தமிழகத்தில் பழைய தொழில். பல்லாவரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பதனிடும் கூடங்கள் பரவியிருந்தன. ஆனால் அரைப்பதத் தோல்தான் கப்பலேறியது. அதைச் செருப்பாகவும் பையாகவும் ஆக்கிய லாபம் வெளிநாட்டுக்குப் போனது. 1948இல் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் குறையை முன்வைத்தே பிறந்தது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்த ஒய். நாயுடம்மா, ஆய்வுக்கூடத்தை விட்டுப் பதனிடும் கூடங்களுக்கே போனவர். சாதியால் ஒதுக்கப்பட்ட ஒரு தொழிலை வேதியியல் படித்த இளைஞர்கள் தேடி வரும் துறையாக மாற்றியதில் அவர் பங்கு பெரிது. 1985இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் அவர் இறந்தார்.

அந்த நிறுவனம் அங்கே இருந்ததால் விளைந்த இன்னொரு பலனை அதைத் தொடங்கியவர்கள் எதிர்பார்த்திருக்க வழியில்லை. 1952இல், முப்பது வயதைத் தொடும்போதே, ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். சென்னைக்கு வந்த ஆங்கில அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் புலப்படவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோலும் தசைநாரும் உறுதியாக இருப்பது கொலாஜனால்தான். அதன் மாதிரிக்கு எங்கும் எழுதிப்போட வேண்டியதில்லை, பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கேட்டால் போதும். பின்னர் கங்காருவின் வால் தசைநார் தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று சுருள் இழைகளால் ஆனது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம், ஒரு புரத அமைப்பு சரியா என்று சோதிக்க உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது. இதற்கு நோபல் கிடைக்காதது பற்றிய ஆதங்கம் இந்திய அறிவியல் வட்டாரங்களில் இன்னும் ஓயவில்லை.

கணித அறிவியல் நிறுவனம் ஒரு மயிலாப்பூர் வீட்டில் கருக்கொண்டது. அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டில் மாணவர்களைச் சேர்த்துக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்திவந்தார். 1960இல் அங்கே வந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த இளைஞர்களைப் பாராட்டியதும் பேச்சு டெல்லி வரை எட்டியது. மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் முன்னின்று உதவ, 1962 ஜனவரி 3 அன்று, வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் முன்னிலையில் நிறுவனம் தொடங்கியது. பின்னர் தரமணியில் நிலைகொண்டது.

ஐஐடி மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் வந்தது. அதற்கு மாநில அரசு கொடுத்த நிலம் கிண்டிக் காட்டின் ஒரு பகுதி. புள்ளிமான்களும் வெளிமான்களும் மாணவர்களோடு அங்கேயே தங்கிவிட்டன.

திறமைசாலிகளைத் தக்கவைப்பதில் இந்த வட்டாரத்தின் கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை. மாநிலக் கல்லூரியில் படித்த சி. வி. ராமனும் சந்திரசேகரும் கல்கத்தாவிலும் சிகாகோவிலும் புகழ் பெற்றார்கள் என்பது பழங்கதை. ஆய்வுத்துறையை இங்கேயே கட்டியெழுப்பிய ராமச்சந்திரனும் 1970இல் சென்னையை விட்டார். அடுத்த ஆண்டு அவர் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கியது பெங்களூரில்தான். ஐஐடி பட்டதாரிகள் பலர் அமெரிக்காவுக்குப் பறந்தது ஊரறிந்தது.

அண்மைக்காலத்தில் இந்த ஓட்டத்துக்கு ஓரளவு அணை போட்டது, 2010இல் தரமணியில் திறக்கப்பட்ட ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா. ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டை ஏவியது. ஆனால் காட்டை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் பெரிய சோதனைக்கூடங்களுக்கு இடமில்லை. அலைகளை ஆராயும் பெரிய நீர்த்தொட்டியும் 422 மீட்டர் ஹைப்பர்லூப் தடமும் ஊருக்குத் தெற்கே தையூரில் எழுந்துள்ளன. சென்னை கணிதவியல் கழகமும் சிறுசேரியில்தான் இருக்கிறது. அடுத்த கட்டிடத்துக்கு நடந்துபோய் மாதிரி வாங்கி வரும் வசதி அங்கே இனிமேல்தான் உருவாக வேண்டும்.