அலமாரிச் சாவி

ஆரம்பப் பள்ளி நூலகத்தின் சரித்திரம் ஓர் அலமாரியில்தான் தொடங்குகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் அதை 'அர்முவார்' என்போம். 'அலமாரி' நமக்குப் போர்த்துகீசியர் கொடுத்த சொல். இரண்டுக்கும் தாய் ஒரே லத்தீன் சொல்தான்.

பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலம். கல்வி அமைச்சர் ருலான் 1860இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். புதிதாகப் பள்ளிக் கட்டடம் கட்டுவதென்றால் அதன் திட்டத்தில் ஒரு புத்தக அலமாரியும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1862 ஜூன் 1 அன்று முறையான ஆணையே வந்தது. அரசுத் தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு நூலகம். அதற்குப் பொறுப்பு ஆசிரியர்.

அந்த நூலகத்துக்கு இரண்டு வேலைகள் இருந்தன. பாடப் புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு அதை இலவசமாகக் கொடுத்து வாங்குவது ஒன்று. பிள்ளைகளின் குடும்பத்தாரும் படிக்க வீட்டுக்குப் புத்தகம் இரவல் கொடுப்பது மற்றொன்று. ஆசிரியர் மூன்று பதிவேடுகள் வைத்திருக்க வேண்டும்: நூல் பட்டியல், வரவு செலவு, வெளியே போய்த் திரும்பும் புத்தகங்களின் கணக்கு. எழுத்தராகவே ஆயுளைக் கழித்த எனக்கு இந்த மூன்றாவது பதிவேட்டின் மேல் தனி மரியாதை உண்டு. புத்தகம் வெளியே போகும் என்று எதிர்பார்த்துப் போட்ட பதிவேடு அல்லவா அது!

எங்கள் ஊரில் 1827இலேயே பொது நூலகம் வந்துவிட்டது. இன்று அது ரொமேன் ரோலான் பெயரில் இருக்கிறது. ஆனால் ஏழு வயதுப் பையன் அங்கே தனியாகப் போய் என்ன கேட்பான்? எங்களுக்கு எட்டியது வகுப்பறை மூலையில் இருந்த அர்முவார்தான். வாரத்தில் ஒருநாள் எங்கள் முசே அதைத் திறந்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துப் பெயர் எழுதிக்கொள்வார். ஒருமுறை லா ஃபோந்தேன் கதைகள் எனக்கு வந்தது. காகத்தை நரி ஏமாற்றிப் பாலாடைக்கட்டியைப் பறித்த கதையை ஆயாவுக்குத் தமிழில் சொன்னேன். "அட, இது நம்ம வடை சுட்ட பாட்டி கதைடா! அவங்க ஊர்ல வடை இல்ல போலிருக்கு" என்றார். பள்ளி வாசலை மிதிக்காத ஆயாவுக்கும் அன்று அந்த அலமாரி பயன்பட்டது.

ஆசிரியருக்கும் அது தேவை. நம் கிராமங்களில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்ற பள்ளிகள் பல. மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஐந்தாம் வகுப்பு என்ன செய்யும்? கையில் ஆளுக்கொரு கதைப் புத்தகம் இருந்தால் சத்தமில்லாமல் படிக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் படக்கதை, ஓட்டமாகப் படிப்பவனுக்குப் பெரிய கதை என்று பிரித்துக் கொடுக்கலாம். பாடப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு இது முடியாது.

சுதந்திர இந்தியாவும் இதை மறக்கவில்லை. 1986 கல்விக் கொள்கையை ஒட்டி வந்த கரும்பலகைத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு நூலகப் புத்தகங்களும் சேர்த்தே கொடுத்தார்கள். 2009இன் கட்டாயக் கல்விச் சட்டமோ ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகம் எல்லாம் இருக்க வேண்டும் என்று அட்டவணையிலேயே சொல்கிறது.

ஆக, புத்தகம் வந்துவிட்டது. பூட்டும் வந்துவிட்டது. பணியிலிருந்த காலத்தில் ஒரு பள்ளியின் இருப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. அலமாரியைத் திறந்தால் பக்கங்கள் ஒட்டியபடி, புது வாசனையோடு அப்படியே இருந்தன. "காணாமல் போனால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் சார்" என்றார் தலைமையாசிரியர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆடிட் பயம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதா?

ஆனால் விதி அப்படிச் சொல்லவில்லை என்பதைத்தான் நான் இங்கே எழுத வந்தேன். மத்திய அரசின் பொது நிதி விதிகளில், 2005 பதிப்பில் 194, 2017 பதிப்பில் 215, நூலகச் சரிபார்ப்பு பற்றிய விதி இருக்கிறது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் தொலைவது நியாயமான இழப்பே என்கிறது அது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும். நம் கதைப் புத்தகத்தில் எது ஆயிரம் ரூபாய்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது பிள்ளைகள், வாரம் ஒரு புத்தகம், முப்பது வாரம்: 1,800 முறை வழங்கல். ஒன்பது புத்தகம் தொலையலாம். பூட்டியே வைத்தால் வழங்கல் பூஜ்யம், சலுகையும் பூஜ்யம். எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு விதி நமக்குத் துணை நிற்கிறது. மூன்றாவது பதிவேட்டை ஒழுங்காக எழுதினால் போதும்.

நம் பக்கத்துச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அதில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான்.

இதைப் படிப்பவர்களில் ஓய்வுபெற்ற அலுவலர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் தெருப் பள்ளிக்கு ஒருநாள் போய் வாருங்கள். அலமாரி பூட்டியிருந்தால் தலைமையாசிரியரிடம் இந்த விதியைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்டால் அந்தப் பதிவேட்டுக்குக் கோடு போட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். நமக்குத் தெரிந்த வேலைதானே.