சுவேத நதிப் பள்ளத்தாக்கின் குடிகள்

கொல்லிமலையில் தோன்றி, அம்மலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட தம்மம்பட்டி, கெங்கவல்லி ஆகிய ஊர்களை அடுத்து ஓடும் சுவேத நதி, வசிஷ்ட நதியோடு கூடி வெள்ளாறு என்னும் பெயருடன் பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலை அடைகிறது. இதன் கரையில் வாழும் உழவரும் கைவினைஞரும், இருபுறத்து மலைகளில் வாழும் மலையாளி என்னும் தமிழ்க் குடியினரும் இப்பிரதேசத்தின் பிரதான ஜனங்களாவர். இங்கே மலைக்கும் சமவெளிக்கும் பாஷைபேதம் கிடையாது.

சங்க காலத்தில் கொல்லிமலைக்கு உரியவனாயிருந்தவன், கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி. அவனைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரி அம்மலையைச் சேரருக்கு அளித்தான். பிற்காலச் சோழர் நாளில் ஆறகளூரைத் தலைநகராகக் கொண்ட வாணகோவரையர், மகதை மண்டலம் என்று வழங்கிய இந்நிலத்தை ஆண்டனர். அவ்வூரை அடுத்த தியாகனூரில் தியான நிலையில் அமர்ந்திருக்கும் புத்தர் சிலைகள், பௌத்தமும் ஒரு காலத்தில் இங்கே போற்றப்பட்டதற்கு அழியாத சாட்சிகளாகும்.

மலையாளிகள் தம் பூர்வீகம் காஞ்சியே என்பர். காரைக்காட்டு வேளாளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் இவர்களுடைய ஐதிகப்படி, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர் காஞ்சியை விட்டுப் புறப்பட்டுச் சேலத்துச் சீமைக்கு வந்து, சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் ஆளுக்கொன்றாகக் குடியேறினர். எவர் எம்மலைக்குச் சென்றார் என்பதில் மட்டும் கதைகள் மாறுபடுகின்றன. ஏர் பிடிக்கும் வழக்கமும், ஊர்களை நாடுகளாகப் பகுத்து ஆளும் முறையும் சமவெளி வேளாண்குடிகளிடமும் காணப்படுவதால், இவ்வைதிகத்தை முற்றிலும் புறந்தள்ளுவதற்கில்லை; எனினும் அவை மட்டுமே இதற்குச் சான்றாகா. கொல்லிமலையில் வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு முதலியனவும், பச்சைமலையில் வண்ணாடு, கோம்பை நாடு, தென்புற நாடு, ஆத்தி நாடு என்பனவும் இன்றும் வழங்குகின்றன. சாமையும் தினையும் விளைந்த மேட்டு நிலங்களில் பின்னர் மிளகும் காப்பியும் அன்னாசியும் இடம்பெற்றன.

சமவெளியில் தம்மம்பட்டி மரச்சிற்பத்தால் புகழ்பெற்றது. வாகை மரத்துண்டில் கோட்டுருவம் வரைந்து, கொட்டாப்புளியால் தட்டிப் பெரிய உளியால் வேண்டாத பகுதியைக் களைந்தபின், நகை, கிரீடம் முதலிய நுண்வேலைகளைச் சிற்றுளியால் செதுக்குவர். தெய்வத் திருவுருவங்களும் கோயில் வாகனங்களும் இவ்வாறு உருப்பெறுகின்றன.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலத்துச் சீமை ஆங்கிலேயர் வசமாயிற்று. மலையாளிகள் இப்போது பழங்குடியினர் பட்டியலில் உள்ளனர். கொல்லிமலை 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது.